மூட்டுக்கு நல்லது என்று போடுகிறீர்கள், எவ்வளவு என்றும் போடுங்கள்

தென்னாப்பிரிக்காவில் நாய் உணவு தயாரித்து விற்கும் நிறுவனங்களுக்கும், அவற்றைப் பதிவு செய்து விற்க அனுமதிக்கும் 1947-ஆம் ஆண்டின் 36-ஆம் சட்டப் பதிவாளர் அலுவலகத்துக்கும்

வணக்கம்.

டர்பனில் ஒரு கால்நடை மருத்துவமனையின் முன்மேசையில் வேலை பார்க்கிறேன். நாயைத் தராசில் நிறுத்தி எடை குறிப்பது, பணம் வாங்குவது, மருந்துக் குப்பியில் சீட்டு ஒட்டுவது, உணவுப் பைகளை அலமாரியில் அடுக்குவது எல்லாம் என் பொறுப்பு. மருத்துவரிடம் கேட்கக் கூச்சப்பட்டதை வெளியே வந்து என்னிடம்தான் கேட்பார்கள். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், மெரிபேங்க் புறநகர்ப் பக்கமிருந்து வருகிற பெரியவர்கள், தமிழில் பேச ஒருத்தி கிடைத்தாள் என்ற சந்தோஷத்தில் இன்னும் கொஞ்சம் உரிமையோடு கேட்பார்கள். "ஏம்மா, இந்தப் பையை வாங்கிப் போட்டா இவன் காலு சரியாப் போயிடுமா?"

அவர்கள் காட்டுவது, முகப்பில் ‘மூட்டு ஆரோக்கியம்’ என்று கொட்டை எழுத்தில் போட்ட உங்கள் பையை. பதில் சொல்ல எனக்கு ஆசைதான். சொல்வதற்கு வேண்டிய விவரம் பையில் இருப்பதில்லை. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். இதன் ஆங்கிலப் படி உங்களுக்குத் தபாலில் வரும். தமிழில் வெளியிடக் காரணம், அந்தப் பையைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களும் நான் என்ன கேட்கிறேன் என்று படித்துப் பார்க்கட்டும் என்பதே.

கேட்பது இதுதான். மூட்டுக்கு நல்லது என்று எந்தப் பையில் போட்டாலும், அதற்காக என்ன சேர்த்திருக்கிறீர்கள், ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம், அது எந்த விலங்கிலிருந்து வந்தது, கெடு தேதி வரை அந்த அளவு நிற்குமா என்பதையும் அதே பையில் போடுங்கள். ஒரு கிலோவில் எத்தனை கிலோகலோரி என்பதையும் சேர்த்துப் போடுங்கள். பதிவாளர் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

ஒரு தாத்தா தன் அல்சேஷனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னங்கால் இரண்டிலும் நடுவிரல் நகங்கள் மேல்பக்கம் தேய்ந்து சப்பையாகியிருந்தன. காலைத் தூக்கி வைக்காமல் சிமெண்டுத் தரையில் இழுத்து இழுத்து நடந்தால் நகம் அப்படித்தான் தேயும். தொடைச் சதை வற்றி, முன்பக்கம் மட்டும் சிங்கம் மாதிரி இருந்தது. பக்கி என்கிற, பின்பக்கம் திறந்த சிறு லாரியில் தானாக ஏற முடியவில்லை, பேரன் தூக்கி ஏற்றினான் என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து விரித்தார். உணவுப் பையின் முகப்பைக் கத்தரியால் வெட்டி, மருத்துவரிடம் காட்ட எடுத்து வந்திருக்கிறார். தாவிக் குதிக்கும் ஒரு நாயின் படம், அதன் கீழே ‘குளுக்கோசமின், கான்ட்ராய்ட்டின் சேர்த்தது’ என்று ஒரு வரி. இரண்டும் மூட்டுக் குருத்தெலும்புக்கு நல்லது என்று உணவில் சேர்க்கும் பொருள்கள். அவருடைய முதியோர் உதவித்தொகை 2025-இல் மாதம் 2,300 ராண்டை ஒட்டி வந்தது. அதிலிருந்து ஒதுக்கி, வழக்கமாக வாங்குவதைவிட நூற்றுக்கணக்கான ராண்ட் கூடப் போட்டு அந்தப் பையை வாங்கியிருக்கிறார். அவர் நம்பிக்கை வைத்தது அந்த ஒரு வரியின் மேல்.

அடுத்த தடவை பின்பக்கத்தையும் வெட்டிக்கொண்டு வந்தார். புரதம், கொழுப்பு, நார், ஈரம் எல்லாம் கிலோவுக்கு இத்தனை கிராம் என்று ஒழுங்காக இருந்தது. வி எழுத்தோடு தொடங்கும் பதிவு எண்ணும், 36-ஆம் சட்டத்தின் பெயரும் இருந்தன. முகப்பில் ஆசை காட்டிய இரண்டு பொருளுக்கு மட்டும் எண் இல்லை.

எண் இருந்தால் என்ன தெரியும் என்று கணக்குப் போட்டே காட்டுகிறேன். கிலோவுக்கு 400 மில்லிகிராம் குளுக்கோசமின் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 கிலோ எடையுள்ள நாய் ஒரு நாளைக்குச் சுமார் 400 கிராம் உலர் உணவு தின்னும். அப்படியானால் அதன் வயிற்றுக்குள் போவது 160 மில்லிகிராம். இந்த எடை நாய்களுக்குக் குளுக்கோசமின் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில் ஒரு நாளைக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் கொடுத்திருக்கிறார்கள். நம் 160 கடலில் கரைத்த பெருங்காயம். பையில் எண் இருந்தால் இந்தக் கணக்கை அந்தத் தாத்தாவே போட்டிருப்பார், கடையில் கணக்கு எழுதிய ஆள் அவர்.

இதில் இன்னொரு விஷயம். ஆயிரம் மில்லிகிராம் கொடுத்தாலும் பெரிய பலன் இருக்கிறதா என்பதே சந்தேகம். 2022-இல் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், நாய் பூனைகளின் மூட்டு வலிக்கு உணவோடு சேர்க்கப்படும் பொருள்களைப் பற்றி அதுவரை வந்த சோதனைகளைத் திரட்டி அலசினார்கள். குளுக்கோசமின், கான்ட்ராய்ட்டின் இரண்டும் வலியைக் குறைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை, வலிக்காக இவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டார்கள். அதே அலசலில் நன்றாகத் தேறியது ஒமேகா-3. மீன் எண்ணெயில் இருக்கும் இ.பி.ஏ., டி.ஹெச்.ஏ. என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள்தான் அதில் முக்கியம்.

ஆக, உங்கள் பைகளில் உண்மையிலேயே வேலை செய்யக்கூடிய பொருள் ஒன்று இருக்கிறது. ஆனால் அதையும் முழுதாகச் சொல்வதில்லை. ‘ஒமேகா-3’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறீர்கள். ஆளிவிதையில் இருப்பதும் ஒமேகா-3 தான், ஆனால் அது வேறு வகை. நாயின் உடம்பு அதை இ.பி.ஏ.வாக மாற்றுவது மிகச் சொற்பம். ஆளிவிதையைப் போட்டுவிட்டு ஒமேகா-3 என்று எழுதினால் பொய் என்று யாரும் சொல்ல முடியாது, நாயின் காலுக்கு அதனால் ஆவதும் ஒன்றுமில்லை. மூட்டு வலிக்கு மருத்துவர்கள் எடுத்துக்கொள்ளும் கணக்குப்படி, 30 கிலோ நாய்க்கு இ.பி.ஏ.யும் டி.ஹெச்.ஏ.யும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 கிராம் வரை தேவைப்படும். கூடினால் வயிற்றோட்டம் வரும், அதனால் மருத்துவரைக் கேட்டே கொடுக்க வேண்டும். பையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல், மேற்கொண்டு மீன் எண்ணெய் எவ்வளவு சேர்க்கலாம் என்று மருத்துவர் எதை வைத்துச் சொல்வார்? இ.பி.ஏ. இத்தனை, டி.ஹெச்.ஏ. இத்தனை என்று பிரித்துப் போடுங்கள்.

நியூசிலாந்தின் பச்சை உதட்டு மட்டி என்று சில பைகளில் பார்க்கிறேன். நல்ல பொருள்தான். ஆனால் அதன் எண்ணெயும் சரி, மீன் எண்ணெயும் சரி, சூடும் காற்றும் பட்டால் கெடும். உலர் உணவை நீங்கள் 100 டிகிரிக்கு மேல் சூடாக்கிப் பிழிந்து எடுக்கிறீர்கள். அது லாரியில் ஏறி, கிடங்கில் கிடந்து, டர்பனின் ஜனவரிப் புழுக்கத்தில் தகரக் கூரைக்குக் கீழே திறந்த பையாக ஒரு மாதம் நிற்கும். கலக்கும்போது போட்ட அளவைச் சொல்வதால் பயனில்லை. கெடு தேதியன்று எவ்வளவு மிச்சம் இருக்கும் என்பதே வாங்குகிறவருக்கு வேண்டும். (படிக்கிற வீட்டுக்காரர்களுக்கு: பெரிய வாளியில் கொட்டி வைக்காதீர்கள். பையோடு சுருட்டிக் கட்டி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஒரு மாதத்தில் தீர்ந்துபோகும் அளவுப் பையையே வாங்குங்கள்.)

எந்த விலங்கிலிருந்து வந்தது என்று கேட்டேனே, அதை விளக்கிச் சொல்ல வேண்டும். உங்கள் அலுவலகங்களில் இதை யாரும் யோசித்திருப்பார்களா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. குளுக்கோசமின் பெரும்பாலும் இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுப்பது. கான்ட்ராய்ட்டின் மாட்டின் மூச்சுக்குழாய்க் குருத்தெலும்பு, பன்றி, கோழி, சுறா என்று பல இடத்திலிருந்து வரும். எங்கள் ஆட்களில் மாட்டிறைச்சியை வீட்டு வாசல்படி தாண்டி உள்ளே விடாத குடும்பங்கள் ஏராளம். புரட்டாசி வந்தால் சட்டி பானையையே தனியாக எடுத்து வைக்கிற வீடுகள் இங்கே இன்றும் உண்டு. அந்த வீடுகளில் நாயின் தட்டு பின்வாசலில் தனியாக இருக்கும், அதைக் கழுவுகிற குழாயும் தனி. இத்தனை கவனமாக இருப்பவர்கள் கையில் ‘விலங்கிலிருந்து பெறப்பட்ட பொருள்கள்’ என்று மட்டும் எழுதிய பையைக் கொடுக்கிறீர்கள். நாய் இறைச்சி தின்னட்டும் என்பதில் அவர்களுக்கு மறுப்பில்லை. தங்கள் கையால் எதை அள்ளிப் போடுகிறோம் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். பன்றி கூடாது என்கிற எங்கள் முஸ்லிம் அண்டை வீட்டாருக்கும் இதே கேள்வி உண்டு. நம்பிக்கையை விட்டுவிட்டு உடம்பை மட்டும் பார்த்தாலும் விவரம் தேவைதான். மாட்டிறைச்சியோ கோழியோ ஒத்துக்கொள்ளாமல் தோலைச் சொறிந்து புண்ணாக்கிக்கொள்ளும் நாய்கள் எங்கள் மேசைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றுக்கு எந்த உணவு ஆகும் என்று தேடும்போது, ஒரு சிட்டிகை குருத்தெலும்புத் தூள் எந்த விலங்குடையது என்பது முக்கியமாகிவிடும்.

இப்போது எடையைப் பற்றி. மூட்டுக்கு உணவு செய்யக்கூடிய ஆகப்பெரிய உபகாரம் எடையைக் கட்டுக்குள் வைப்பதுதான் என்று எங்கள் மருத்துவர் தினமும் சொல்கிறார். நான் மேசையில் இருந்து பார்ப்பதும் அதுவே. இதற்குச் சான்று பழையது, உறுதியானது. 48 லாப்ரடார் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவாக உணவு கொடுத்து, சாகும்வரை கவனித்தார்கள். முடிவு 2002-இல் வெளியானது. குறைவாகத் தின்ற கூட்டத்தின் இடைநிலை ஆயுள் (பாதி நாய்கள் எட்டிய வயது) 13 வருடம், மற்றதுக்கு 11.2. மூட்டு வலிக்குத் தொடர் சிகிச்சை தேவைப்படும் நிலைக்குப் பாதி நாய்கள் வந்து சேர்ந்த வயது நிறையத் தின்ற கூட்டத்தில் 10.3, குறைவாகத் தின்றதில் 13.3. சிகிச்சை தேவைப்படும் நிலை மூன்று வருடம் தள்ளிப்போயிருக்கிறது, உணவைக் குறைத்ததால் மட்டும். ஏற்கெனவே பருத்து நொண்டும் நாய்களிலும், உடல் எடையில் 6 சதவீதம் சொச்சம் இறங்கியதுமே நடை தேறியதை 2010-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 40 கிலோ நாய்க்கு அது இரண்டரைக் கிலோ.

அந்தத் தாத்தாவின் அல்சேஷனுக்கும் எடை கூடுதல்தான். விலா எலும்பைத் தடவித் தேட வேண்டியிருந்தது. காலை, மாலை உங்கள் உணவு. அது போக மீலி மீல் என்கிற மக்காச்சோள மாவுக் கஞ்சி, ஞாயிற்றுக்கிழமை பிரெயானியில் மிஞ்சிய சோறும் எலும்பும். ‘மூட்டு உணவு’ என்பதால் கொஞ்சம் கூடப் போட்டால் சீக்கிரம் குணமாகும் என்று நினைத்து, அளவுக் குவளையைத் தலைதட்டாமல் அள்ளிப் போட்டிருக்கிறார். அன்பினால் செய்ததுதான். மூட்டு உணவு என்று பெயர் வைத்த நீங்கள், கூடப் போட்டால் எடை ஏறும், எடை ஏறினால் மூட்டு இன்னும் கெடும் என்று முகப்பிலேயே ஒரு வரி போட்டிருக்கலாமே.

அளவுக் குவளையை நம்பவே முடியாது என்பதையும் சோதித்திருக்கிறார்கள். 2011-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், குவளையால் அளந்தபோது 18 சதவீதம் குறைவிலிருந்து 80 சதவீதம் கூடுதல் வரை வந்தது. அதனால் நான் சமையல் தராசை வைத்து அளக்கச் சொல்கிறேன். எத்தனை கிராம் என்று கேட்டால், பையில் கலோரி இல்லாமல் நான் என்ன சொல்ல? நான் புரட்டிப் பார்த்த பைகள் பலவற்றில் கிலோகலோரியும் இல்லை, கிலோஜூலும் இல்லை. இருக்கிற உணவு அட்டவணையோ 20-இலிருந்து 40 கிலோ வரை ஒரே கட்டத்தில் அடைத்துவிடுகிறது. 20 கிலோ நாயும் 40 கிலோ நாயும் ஒன்றா?

பெரிய இனக் குட்டிகளைப் பற்றிச் சுருக்கமாக. போயர்போல், ராட்வைலர் குட்டி வாங்குகிறவர்கள், எலும்பு உறுதியாகட்டும் என்று உணவோடு கால்சியம் பொடியும் சேர்க்கிறார்கள். குட்டியின் குடலுக்கு வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடத் தெரியாது, தேவைக்கு மேல் உள்ளே போகும், எலும்பும் மூட்டும் கோணலாக வளரலாம். பெரிய இனக் குட்டிகளுக்கான பைகளில் ‘கால்சியம் சேர்க்காதீர்கள்’ என்று பெரிதாகப் போடுங்கள். இடுப்பு மூட்டுக் கோளாறு பரம்பரையாக வருவது, குளுக்கோசமின் அதைத் தடுக்காது என்பதும் அந்தப் பையில் இருக்க வேண்டிய செய்தி.

இதெல்லாம் ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்கலாம். நாய் கத்தாது. காலையில் எழுந்திருக்க நேரமாகும், படிக்கட்டில் நின்று யோசிக்கும், மணிக்கட்டை நக்கிக்கொண்டே இருக்கும். வீட்டில் ‘வயசாயிடுச்சு’ என்பார்கள். அந்த நேரத்தில் உங்கள் பையைப் பார்த்துவிட்டு, இதை இரண்டு மாதம் போட்டுப் பார்க்கலாம், அப்புறம் மருத்துவரிடம் போகலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்த இரண்டு மாதமும் நாய் வலியோடு கிடக்கிறது. நாய்களுக்கென்றே வலி மருந்து இருக்கிறது. மருத்துவர் இரத்தம் பார்த்து, எடை பார்த்து எழுதிக் கொடுப்பார். அதற்கு வராமல் வீட்டில் இருக்கும் மனிதர்களின் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாத்திரையைக் கொடுத்து, வயிற்றில் புண் வந்து கறுப்பாகக் கழிகிற நாயைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். தயவு செய்து அந்த மாத்திரைகளைக் கொடுக்காதீர்கள் என்று படிக்கிற எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். நிறுவனங்களைக் கேட்பது, ‘நாய் நொண்டினால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள்’ என்ற வாக்கியத்தை ‘மூட்டு ஆரோக்கியம்’ என்ற எழுத்தின் அளவிலேயே, அதற்குப் பக்கத்திலேயே போடுங்கள் என்பது.

பதிவாளர் அலுவலகத்துக்குத் தனியாக இரண்டு வார்த்தை. 2007-இல் மெலமைன் என்கிற, பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் வேதிப்பொருள் கலந்த மூலப்பொருள் பல நாடுகளின் நாய் உணவில் புகுந்தபோது இங்கேயும் நாய்கள் சிறுநீரகம் கெட்டுச் செத்தன. மெலமைன் கலந்தால் சோதனையில் புரதம் கூடுதலாகக் காட்டும், அதற்காகவே கலந்தார்கள். பையில் எண் இருந்தால் மட்டும் போதாது, அந்த எண்ணை யாராவது எடுத்துச் சோதிக்கவும் வேண்டும் என்பது அன்றே தெரிந்த விஷயம். கான்ட்ராய்ட்டின் விலை கூடிய பொருள், கலப்படத்துக்குப் பேர்போனது. பையில் போடச் சொல்லுங்கள், கடையிலிருந்து பை எடுத்துச் சோதியுங்கள், முடிவை எல்லோரும் பார்க்க வெளியிடுங்கள். வி எண்ணைக் கொடுத்தால் அந்த உணவின் முழு விவரமும் தெரிகிற மாதிரி ஓர் ஏற்பாடு செய்தால், என் மாதிரி மேசையில் இருப்பவர்கள் எல்லோரும் உங்களை வாழ்த்துவோம்.

சில நிறுவனங்கள் ஏற்கெனவே மில்லிகிராம் கணக்கையும், இ.பி.ஏ. அளவையும் பையில் போடுகின்றன. அவர்களுக்கு மனமார்ந்த நன்றி. மற்றவர்கள் இடமில்லை, செலவாகும் என்று சொல்ல முடியாது. தாவும் நாயின் படத்தை நாலு விரல்கடை சிறிதாக்கினால் இத்தனையும் அடங்கும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன். ஆங்கிலத்தில் எழுதினாலும் பரவாயில்லை. எந்த உணவில் எது எவ்வளவு என்று எண்களோடு எழுதுங்கள். தமிழில் எழுதி, மேசைக்கு முன்னால் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கால்நடை மருத்துவமனை முன்மேசை ஊழியர்,
டர்பன்